பதினாறாம் நாளுக்குப் பிறகு

நெருங்கியவரை இழந்த மனம் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து கட்டங்களை வரிசையாகக் கடந்துதான் அமைதி அடையும் என்ற கருத்து, கல்லூரிப் பாடப்புத்தகத்திலிருந்து வாட்ஸ்அப் செய்திவரை இன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆனால் அந்த ஐந்து கட்டங்களும் முதலில் எழுதப்பட்டது இறந்தவரின் வீட்டாரைப் பற்றி அல்ல, இறந்துகொண்டிருந்தவர்களைப் பற்றி என்பது அதை எடுத்துச் சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ், தீராத நோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்களிடம் சிகாகோவில் நேரில் பேசிக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு 1969-இல் வெளியிட்ட நூலில்தான் இந்தப் பகுப்பு இடம்பெற்றது; நோயாளியிடம் அவருடைய மரணத்தைப் பற்றி மருத்துவர்கள் வாய் திறக்கவே தயங்கிய அந்தக் காலத்தில் அது துணிச்சலான பணி. அவர் 2004-இல் மறைந்தார். அதற்கு மறு ஆண்டு வெளிவந்த, டேவிட் கெஸ்லருடன் இணைந்து அவர் எழுதிய நூல் இக்கட்டங்களை இழப்புக்கு ஆளானவர்களுக்கும் பொருத்திக் காட்டியது என்றாலும், இவை எல்லோருக்கும் வருபவை அல்ல, இதே வரிசையில் வருபவையும் அல்ல என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னது. வரிசை நிலைத்துவிட்டது, எச்சரிக்கையைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வரிசை உண்மைதானா என்று சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. இயற்கையான காரணத்தால் உறவை இழந்த 233 பேரை இழப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள்வரை கவனித்து, 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், மரணத்தை நம்ப மறுக்கும் மனநிலை முதலிடம் பெறவில்லை. 'போனவர் போனவர்தான்' என்ற ஏற்பு தொடக்கத்திலிருந்தே வலுவாக இருந்தது. வேதனை தரும் உணர்வுகளில் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது ஏக்கம், அதாவது இறந்தவர் மீண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தீராத தவிப்பு. இறப்பை அறிவு ஏற்றுக்கொள்வதும் மனம் அவரைத் தேடுவதும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று தடுக்காமல் நடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், துயரத்தைப் பற்றிய பல குழப்பங்கள் தாமே விலகும்.

துயரம் முதலில் உடம்பில்தான் தெரிகிறது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதியில் ஏற்பட்ட தீ விபத்தில் 492 பேர் மாண்டனர். அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும் வேறு வகையில் இழப்புக்கு ஆளானவர்களையும் கவனித்த எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-இல் எழுதிய கட்டுரை, துயரத்தை நேரில் கண்டு பதிவு செய்த முதல் மருத்துவ எழுத்துகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. தொண்டை இறுகுவது, மூச்சு அடைப்பது, அடிக்கடி பெருமூச்சு வருவது, வயிறு காலியாகக் கிடப்பது போன்ற உணர்வு, கை கால்களில் வலுவே இல்லாமை ஆகியவை இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை நீடித்து, பிறகு ஓய்ந்து, யாரோ ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொன்னதும் மறுபடி வந்து தாக்குவதை அவர் விவரித்தார். இரண்டு வாரமாக உணவு இறங்கவில்லை, மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்மணிக்கு இரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதும் மருத்துவர், வீட்டில் அண்மையில் யாரேனும் தவறிவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

உடலுக்கு அடுத்து வருவது தேடல். தாயைப் பிரிந்த குழந்தைகளை ஆராய்ந்த பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, ஒருவரையொருவர் சார்ந்து வாழும் உயிர்களிடையே உருவாகும் பிணைப்பு அறுபடும்போது பிரிந்தவரைத் தேடச் சொல்லும் தூண்டுதல் இயல்பாகவே எழுகிறது என்றார். அவருடன் பணியாற்றிய காலின் மரே பார்க்ஸ், இலண்டன் நகரக் கைம்பெண்களிடம் அதே தேடலைக் கண்டார். மாலை ஆறரை மணிக்குத் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கதவைத் திறக்கக் கால் எழுவது, உலையில் அரிசி போடும்போது பழைய அளவே கைக்கு வருவது, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அன்னியரின் பிடரியையும் சட்டையையும் பார்த்து ஒரு கணம் நெஞ்சு துள்ளுவது எல்லாம் இந்தத் தேடலின் வெளிப்பாடுகளே. மூளை பல ஆண்டுகளாகப் பழகிவைத்த எதிர்பார்ப்புகள் ஓர் இறப்புச் சான்றிதழால் அழிந்துவிடுவதில்லை; ஒவ்வோர் எதிர்பார்ப்பும் தனித்தனியாகப் பொய்த்துத்தான் ஓய வேண்டியிருக்கிறது, அதற்கு நாள் பிடிக்கிறது.

இறந்தவரின் குரல் கேட்டது, அவர் அருகே இருப்பது போல் தோன்றியது என்று சொன்னால் தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக எண்ணுவார்களோ என்று அஞ்சி வாய் மூடியிருப்பவர்கள் ஏராளம். வேல்ஸ் பகுதியில் குடும்ப மருத்துவராக இருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப்பேர் இத்தகைய அனுபவம் தமக்கு ஏற்பட்டதாகக் கூறினர்; அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அது பலருக்கு ஆறுதலாகவே இருந்தது என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. ஆகவே இதை நோய் என்று கருதி அஞ்ச வேண்டியதில்லை. பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போக வேண்டியதும் இல்லை.

துயரத்தின் முடிவு எது என்ற கேள்வியில்தான் இருபதாம் நூற்றாண்டு நெடுங்காலம் தவறான திசையில் சென்றது. உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்ட் 1917-இல் வெளியிட்ட கட்டுரை, இறந்தவர்மீது வைத்த பற்றை மனம் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துயரம் செய்யும் வேலை என்றும், அந்த வேலை முடிந்த பின் மனம் வேறொருவரை நாட விடுதலை பெறுகிறது என்றும் விளக்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் அவருடைய மகள் சோஃபி விஷக் காய்ச்சலில் இறந்தார். 1923-இல் அந்த மகளின் சின்னஞ்சிறு மகனும் போனான். மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு 1929-இல் பிராய்ட் எழுதிய கடிதத்தில், கடுமையான துக்கம் ஒருநாள் தணியும், ஆனால் ஆறுதலும் கிடைக்காது, ஈடும் கிடைக்காது, அப்படி இருப்பதே சரி என்னும் பொருள்பட எழுதினார். கட்டுரை எழுதிய பிராய்டைவிடக் கடிதம் எழுதிய பிராய்டே உண்மைக்கு அருகில் இருந்தார். பின்வந்த மருத்துவ உலகமோ பல பத்தாண்டுகள் கட்டுரையையே பின்பற்றி, இறந்தவரோடு உறவு தொடர்வதைக் குணமாகாத நோயின் அடையாளமாகப் பார்த்தது.

ஈடு செய்தல் என்ற எண்ணம் எவ்வளவு சிக்கலானது என்பதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரும், அவர்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் என்பதால், கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவியது. அந்தத் தாய்மார் விரும்பிக் கேட்ட உதவி அது; அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் பின்னர் பிறந்த பிள்ளை, போன பிள்ளையின் இடத்துக்கு வந்த பிள்ளை ஆகிவிடாது என்பதையும், அப்படி எதிர்பார்ப்பது புதிய குழந்தையின் தலையில் ஏற்றப்படும் சுமை என்பதையும் சுற்றத்தார் உணர்ந்திருக்க வேண்டும்.

டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவர் 1996-இல் தொகுத்த நூல், 'தொடரும் பிணைப்பு' என்ற கருத்தை முன்வைத்து இறந்தவரோடு உறவு தொடர்வதை நோயாகப் பார்த்த பழைய நோக்கைத் திருப்பிப் போட்டது: இறந்தவருடனான உறவு முடிவதில்லை, வடிவம் மாறுகிறது, பிள்ளையை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அவர்களைத் தம் வாழ்க்கையின் உள்ளேயே வேறொரு வகையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆடி அமாவாசையில் எள்ளும் நீரும் இறைப்பவர்களுக்கும், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுபவர்களுக்கும், பொங்கலுக்கு முன் முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பவர்களுக்கும் இது புதுச் செய்தியாக இராது.

அதற்காகத் தமிழர் சடங்குகள் துயரத்தை முழுமையாக அறிந்து வகுக்கப்பட்டவை என்று பெருமை பேசுவது மிகை. அவை சிலவற்றைச் சிறப்பாகச் செய்கின்றன. கேதம் கேட்க வருபவர் வாசலிலேயே குரலெடுத்து அழ, உள்ளிருக்கும் பெண்கள் எழுந்து வந்து கட்டிப்பிடித்து அழும் ஒப்பாரியில், இறந்தவர் பிறந்தது முதல் பட்ட பாடுகள், வாங்கிய கடன், கொடுத்த சீர், தீராத மனத்தாங்கல்வரை பாட்டாக வெளிவருவதால், அவருடைய வாழ்க்கை ஊரறிய ஒருமுறை சொல்லி முடிக்கப்படுகிறது. நீர்மாலை எடுப்பது, வாய்க்கரிசி போடுவது, மறுநாள் பால் தெளிப்பது என்று கைக்கு வேலை இருப்பதால் நிலைகுலைந்தவர்களும் அடுத்த மணி நேரத்தை எப்படியோ கடந்துவிடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் உடலை முகம்கூடக் காட்டாமல் மின்மயானத்துக்குக் கொண்டுபோனபோது, இந்தச் சடங்குகள் செய்துவந்த வேலை எது என்பது அவை இல்லாததால்தான் பலருக்குப் புரிந்தது.

ஆனால் சடங்குக்கு ஒரு கடைசி நாள் உண்டு. சாதிக்கும் வட்டாரத்துக்கும் ஏற்பப் பத்து, பதின்மூன்று, பதினாறு என்று மாறும் அந்தக் கருமாதி நாளில், ஈழத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டியில், வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்புகிறார்கள். வாடகை நாற்காலிகள் வேனில் ஏறுகின்றன, பந்தல் பிரிக்கப்படுகிறது, இரவல் வாங்கிய பாத்திரங்கள் துலக்கித் திருப்பித் தரப்படுகின்றன, அக்கம்பக்கத்தார் தங்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். முதல் நாட்களில் மரத்துப்போயிருந்த மனத்தில் வலி முழுதாக இறங்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்பதும், வங்கிக் கணக்கிலும் குடும்ப அட்டையிலும் பெயரை நீக்க விண்ணப்பிப்பதும் அந்த வாரங்களிலேயே நடக்கின்றன; ஒவ்வொரு சாளரத்திலும் அந்த மரணத்தை மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. துணைக்கு ஆள் அதிகம் தேவைப்படும் நேரத்தில் வீடு காலியாகிவிடுகிறது என்பதே தமிழ்ச் சமூகம் துயரத்தைக் கையாளும் முறையின் பெரிய ஓட்டை.

அந்த நாட்களை மனம் எப்படிக் கடக்கிறது என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் ஆகியோர் 1999-இல் வகுத்த 'இரட்டைச் செயல்முறை' என்ற விளக்கம் நன்றாகக் காட்டுகிறது. ஒருபுறம் இழப்பை நோக்கித் திரும்பி அழுவது, படத்தைப் பார்ப்பது, கைப்பேசியில் தங்கிவிட்ட குரல் செய்தியை மறுபடி மறுபடி கேட்பது. மறுபுறம் கணவர் பார்த்துவந்த கடைக் கணக்கைத் தானே எழுதக் கற்பது, மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி பார்ப்பது, ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பது. இரண்டுக்கும் இடையில் மனம் போய்ப் போய் வருகிறது, அந்தப் போக்குவரத்தே ஆரோக்கியம் என்பது அவர்களின் கருத்து. இறந்த இரண்டாம் மாதத்தில் சிரித்துவிட்ட மருமகளை முறைத்துப் பார்க்கும் உறவினரும், இரண்டாம் ஆண்டில் அழுதவரிடம் 'இன்னுமா?' என்று கேட்கும் உறவினரும் இதை அறியாமல்தான் ஒருவரைக் காயப்படுத்துகிறார்கள்.

அழாதவரை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும் என்ற பதைப்பும் இதைப் போன்றதே. துக்கம் வெளிப்படாவிட்டால் பிற்காலத்தில் நோயாக வெடிக்கும் என்று ஹெலன் டாய்ச் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1937-இல் எழுதியது நெடுநாள் நம்பப்பட்டது. அமெரிக்காவில் முதிய தம்பதியரை, ஒருவர் இறப்பதற்கு முன்பிருந்தே பேட்டி கண்டு தொடர்ந்த ஆய்வின் தரவுகளைக் கொண்டு ஜார்ஜ் பொனானோவும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ பாதிப்பேர் தொடக்கம் முதலே மனச்சோர்வில் விழாமல் அன்றாட வாழ்க்கையைத் தாக்குப்பிடித்தனர்; அவர்களுக்குப் பின்னாளில் தாமதமாக எதுவும் வெடிக்கவில்லை. அவர்கள் துணையை நேசிக்காதவர்களும் அல்லர். கண்ணீரின் அளவைக் கொண்டு பாசத்தை அளப்பது பொய்க்கணக்கு.

சில துயரங்களுக்கு இழவு வீடே அமைவதில்லை. சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத இழப்பை 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்று கென்னத் டோக்கா 1989-இல் பெயரிட்டார். கருச்சிதைவுக்கோ குழந்தை இறந்து பிறப்பதற்கோ ஆளான பெண்ணிடம் 'அடுத்தது நல்லபடியாப் பிறக்கும்' என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்தாலோ பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்று இந்திய அரசு ஆணையிட்டதே 2022 செப்டம்பரில்தான், அதுவும் மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும். தற்கொலையில் மகனை இழந்தவர் துக்கம் கேட்க வருபவரின் விசாரணைக்குப் பதில் சொல்லியே களைத்துப்போகிறார். ஊரறியாத காதலையோ நண்பரையோ இழந்தவருக்குக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இடம் மட்டுமே கிடைக்கிறது. கைம்பெண்ணின் துயரமோ வேறு வகையில் பறிக்கப்படுகிறது: அவளுக்கு அழ உரிமை உண்டு, ஆனால் கூட்டம் பார்க்கத் தாலியைக் கழற்றி, வளையலை உடைத்து, பின்னர் மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வராமல் ஒதுக்கும்போது, இழப்பின் வேதனையோடு தண்டனையும் சேர்ந்துவிடுகிறது. இதைச் சடங்கின் ஆறுதலோடு சேர்த்து எண்ணக் கூடாது.

உடலே கிடைக்காத இழப்பு இவை எல்லாவற்றிலும் கொடியது. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் உறைந்து நிற்கும் நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மாவட்ட மீனவர்களின் வீடுகள் இதை அறியும். காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ள இந்தியச் சட்டம் 7 ஆண்டுகள் கேட்கிறது என்பதால் அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீட்டுக்காக விதிவிலக்குத் தேவைப்பட்டது. இலங்கையில் போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரி முதல் தொடர்ந்து போராடிவந்தனர். மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும்படி சொல்லப்பட்டபோது பலர் மறுத்ததற்குக் காரணம், அதில் கையொப்பமிடுவது பிள்ளையைத் தாமே கைவிடுவதாகும் என்று அவர்கள் கருதியதுதான். அவர்களிடம் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அறிவுரை சொல்ல எந்த உளவியலுக்கும் தகுதி இல்லை; அவர்கள் கேட்பது விடை.

பெரும்பாலோரின் துயரம் மருந்தின்றிக் காலப்போக்கில் தணிகிறது என்றாலும், சிலருக்கு அது தணிவதே இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 'நீடித்த துயரக் கோளாறு' என்பதைத் தனி நோயாகச் சேர்த்து, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதை அதன் வரம்பாக வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஓர் ஆண்டு என்று வைத்தது. துக்கத்தை நோயாக்குகிறார்களே என்ற கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே நாள்கணக்கைவிட முக்கியம் வேறொன்று. நாள்தோறும் அதே கூர்மையில் ஏக்கம், தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டதான உணர்வு, இறந்தவரை நினைவூட்டும் எதையும் நெருங்க முடியாமை, வேலையோ பிள்ளைகளோ மனத்தில் பதியாமை ஆகியவை அசையாமல் நின்றுவிட்டனவா என்பதே பார்க்க வேண்டியது. இதற்கென மனநல மருத்துவர் கேத்ரின் ஷியர் உருவாக்கிய, இறப்பு நிகழ்ந்த விதத்தை நோயாளி மெல்ல மெல்லச் சொல்லிப் பழகும் 16 அமர்வுச் சிகிச்சை நல்ல பலன் தந்துள்ளது. மனச்சோர்வு மாத்திரை மட்டும் இந்த ஏக்கத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்பது அவருடைய 2016 ஆய்வின் முடிவு.

உடல் ஆபத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பிரிட்டனில் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியான ஆய்வு, முதல் ஆறு மாதங்களில் அவர்களின் இறப்பு விகிதம், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்ததைக் கண்டது. மனைவி போன பின் தன் இரத்தக்கொதிப்பு மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாத அப்பாக்கள் நம் ஊரில் குறைவில்லை. பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் அது.

குழந்தைகளுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் தெளிவாகப் புரிகிறது. 'தாத்தா தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்ற பதில்கள் தூக்கத்தைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் அச்சத்தையே விதைக்கும். 'தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு இனி வேலை செய்யாது, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்' என்பது போதும். சற்று அழுதுவிட்டு விளையாடப் போகும் குழந்தைக்குத் துயரம் இல்லை என்று எண்ண வேண்டாம். அவ்வளவுதான் அது ஒரு நேரத்தில் தாங்கும்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் தத்துவம் சொல்ல வேண்டியதில்லை. 'விதி', 'நல்ல சாவு', 'தைரியமாக இருங்கள்' என்பவற்றைவிட, இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றித் தெரிந்த ஒரு செய்தியைப் பகிர்வது பயன் தரும். 'எதுவானாலும் கேளுங்கள்' என்பதைவிட, வியாழக்கிழமை தாலுகா அலுவலகத்துக்குக் கூட வருகிறேன் என்பது பயன் தரும். முதல் நாள் போக முடியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம்: இரண்டாம் மாதத்தில் போங்கள், இறந்தவரின் பிறந்த நாளன்று ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யுங்கள். துயரம் தாங்க முடியாத அளவுக்குப் போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.